பரிசல் போட்டிக்குப் போன வீடு

மோகன்குமாரின் வீடு முதல் தடவை ஒரு சாண் தூரம்தான் நகர்ந்தது. ஆடி பதினெட்டாம் தேதி காலை எட்டரை மணிக்குக் கிளம்பிப் பத்தரை மணிக்கு நின்றது. ஒரு சாண் போவதற்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டதால் வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அடுப்பில் இருந்த பால்கூடத் தளும்பவில்லை. கறிவேப்பிலை கேட்க வந்த பக்கத்து வீட்டுப் பாவாயிதான், வாசல்படிக்கும் காலையில் போட்ட கோலத்துக்கும் நடுவில் புது மண் தெரிவதைப் பார்த்தாள். கையை விரித்து அளந்து, ஒரு சாண் என்று ஊருக்குச் சொன்னாள். பாவாயிக்குக் கை சிறியது, ஆகவே கொஞ்சம் குறைவாகவும் இருந்திருக்கலாம். மழையைக் கண்டு ஏழு வாரம் ஆகியிருந்த கருக்கம்பாளையத்தில் அந்த மண் மட்டும் ஈரமாக இருந்தது. அதில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நண்டுக்குஞ்சு ஓடியது.

கருக்கம்பாளையம் திருச்செங்கோட்டுக்கு அருகில், ஆயிரத்து இருநூறு அடி துளை போட்டாலும் புழுதிதான் மேலே வரும் என்கிற பூமியில் இருக்கிறது. காவிரி அங்கிருந்து தென்மேற்கே பதினைந்து கிலோமீட்டர். ஊரில் பாதிப் பேர் போர் போடும் ரிக் லாரித் தொழிலில் இருந்ததால் மண்ணுக்கு அடியில் எது நடந்தாலும் அதைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது. கண்ட கண்ட இடத்தில் போர் போட்டுப் பூமி உள்ளுக்குள் பொக்கையாகிவிட்டது, அதனால்தான் வீடு வழுக்குகிறது என்றார்கள். மறுவருடம் அதே நாளில் வீடு இரண்டு சாண் நகர்ந்தது. அதற்கு அடுத்த தடவை நான்கு சாண். எல்லாத் தடவையும் தென்மேற்காகவே போனது. போகும்போது பரிசல் மாதிரி மெதுவாகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டது. நான்காம் தடவை எட்டு சாண் போனதும் ஊர் அபிப்பிராயம் சொல்வதை நிறுத்திக்கொண்டு, ஆடி பதினெட்டு அன்று அந்தப் பக்கம் மாடு கட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டது.

காரணம் மோகன்குமாருக்குத் தெரியும். அவன் ரிக் லாரிகளின் கம்ப்ரசரைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தான். சத்தத்தை வைத்தே எந்த வால்வு போயிற்று என்று சொல்லிவிடுவான். பொய் சொல்லி ஒரு உதிரிப் பாகம்கூட விற்காதவன். நல்ல மனுஷன்தான். ஆனால் வயிற்றுக்குள் பொறாமை என்று ஒரு நெருப்பை வைத்து, அது அணையாமல் வருடா வருடம் விறகு போட்டுக்கொண்டிருந்தான்.

அந்த நெருப்பு பற்றியது கல்யாணமான வருடம். ஆடிச் சீருக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைப்பது வழக்கம் என்பதால், அவன் மாமனார் ஊரான பாறைத்துறைக்குப் போனான். சத்யபிரியாவின் குடும்பத்துக்கு ஆற்றின் நடுவில் ஒரு திட்டு இருந்தது, அதில் வாழை போட்டிருந்தார்கள், பரிசலில்தான் போக வேண்டும். ஆடி பதினெட்டு அன்று அந்தத் துறையில் பரிசல் போட்டி. எதிர்க்கரையில் நட்டிருக்கும் கொடியைத் தொட்டுவிட்டு முதலில் திரும்புகிறவனுக்குப் பரிசு. மோகன்குமார் புது வேட்டியோடு கரையில் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டான். பதினோரு பரிசல் கிளம்பியது. மஞ்சள் பெயிண்ட் அடித்த பரிசல் ஒன்று நடு ஆற்றில் முன்னுக்கு வந்தபோது, கல்யாணமாகி இரண்டு மாதத்தில் தன்னிடம் சத்தமாக நாலு வார்த்தை பேசியிராத மனைவி, செருப்பை உதறிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, “மாமா!” என்று கத்தினாள். அதற்குப் பிறகும் என்னென்னவோ கத்தினாள். பம்பைச் சத்தத்தில் அது அவன் காதில் ஏறவில்லை. மஞ்சள் பரிசல் ஜெயித்தது. அதில் இருந்தவன் செந்தமிழன், சத்யபிரியாவின் தாய்மாமன் மகன். பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், மாப்பிள்ளைக்கு விவரம் சொல்லுகிற அக்கறையில், “முறைப்படி பாத்தா புள்ளைய அவனுக்குத்தானுங்க குடுத்திருக்கோணும். ரெண்டு குடும்பத்துக்கும் வரப்புச் சண்டை வந்து மூணு வருசம் பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சு. அந்தச் சந்துலதான் உங்க சாதகம் வந்து சேந்துச்சு” என்றார்.

சந்தில் வந்து சேர்ந்த ஜாதகம். அந்த வார்த்தை அவனுக்குள் முள்ளாகத் தைத்தது. சத்யபிரியா அவனை ‘ஏனுங்க’ என்று மட்டுமே கூப்பிட்டாள், இருபத்தோரு வருடமும் அப்படித்தான். ஊரில் எத்தனையோ பெண்டாட்டிமார் புருஷனை மாமா என்று கூப்பிடுகிறார்கள். அந்த வார்த்தையை அவள் ஆற்றிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்று அவன் நினைத்தான். என்னையும் அப்படிக் கூப்பிடு என்று கேட்க வெட்கமாக இருந்தது. கேட்காததால் பொறாமை வளர்ந்தது, வளர்ந்ததால் கேட்க முடியவில்லை. சீர்வரிசையோடு அவள் ஒரு துடுப்பையும் கொண்டுவந்திருந்தாள். பீரோ, கட்டில், கிரைண்டர், அதன் பக்கத்தில் கைபட்டுக் கைபட்டுக் கறுத்துப்போன ஒரு துடுப்பு. அதை யார் கொடுத்திருப்பான் என்று அவனே முடிவு செய்துகொண்டு, பரணில் பழைய பாய்க்குப் பின்னால் தள்ளி வைத்தான். ஒவ்வொரு ஆடி பதினெட்டும் வீடு நகர்ந்து நின்ற பிறகு பார்த்தால், துடுப்பு வாசற்கதவு ஓரம் சாய்ந்து நிற்கும். அவன் மறுபடி பரணில் போடுவான்.

ஆனால் போட்டிக்குப் போக வேண்டாம் என்று அவன் ஒரு தடவையும் முதலிலேயே சொன்னதில்லை. சொன்னால் தன் வயிற்றெரிச்சல் வெளியே தெரிந்துவிடும் அல்லவா? ஆடி முதல் தேதியே திட்டம் போடத் தொடங்குவான். எந்த வழியில் போவது, எங்கே டீ குடிப்பது, கரையில் எந்த மருதமரத்துக்குக் கீழே பாய் விரித்தால் பன்னிரண்டு மணிக்கும் நிழல் இருக்கும் என்பதெல்லாம் நாட்குறிப்பில் எழுதுவான். கட்டுச்சோற்றுக்குப் புளியா எலுமிச்சையா என்று மூன்று நாள் பேசுவார்கள். மகள் இனியா பிறந்த பிறகு அவளுக்குத் தொப்பி வாங்கினான். மாவட்டத்திலேயே அவ்வளவு அழகாக ஒரு நாள் பயணத்தைத் திட்டம் போடக்கூடிய ஆள் இல்லை. பதினெட்டாம் தேதி காலை குளித்து, புதுத் துணி உடுத்தி, கட்டுச்சோறு மூட்டையைக் கையில் எடுக்கும்போது, மணி எட்டரைக்கு, அவன் வாயிலிருந்து அந்தச் சொல் விழும். “இந்த வருசம் போக முடியாதாட்ட இருக்குது, சத்யா.” சொல் விழுந்ததும் வீடு கிளம்பும். கட்டுச்சோறு நடுவீட்டில் அவிழ்க்கப்படும். மூன்று பேரும் இலை போட்டுச் சாப்பிடுவார்கள்.

முதல் சில தடவை கம்ப்ரசரே கை கொடுத்தது, எங்கோ ஒரு ரிக் நின்றுபோனது என்று போன் வரும், வர வைப்பான். பிறகு அந்தச் சாக்கு சலித்துப் போனது. ஒரு வருடம், ஆத்தூர்ப் பக்கத்தில் இருந்த தொண்ணூறு வயதுப் பங்காளிப் பெரியப்பா காலமாகிவிட்டார், கேதம் விழுந்துவிட்டது, தீட்டோடு ஆற்றுக்குப் போகக் கூடாது என்றான். பங்காளி செத்தால் பண்டிகை இல்லை என்பதை யாரும் மறுக்க முடியாது. மறுநாள் அந்தப் பெரியப்பாவே பேத்தி கல்யாணப் பத்திரிகையோடு பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டை ஊருக்கு வெளியே தேடிப் பிடித்து, பசி என்று உட்கார்ந்தார். சத்யபிரியா அவருக்கு நான்கு தோசை ஊற்றினாள். இன்னொரு வருடம் தோளில் இருந்த இரண்டு வேர்க்குருவைக் காட்டி அம்மை போட்டிருக்கிறது என்றான். அம்மை என்றால் வீட்டில் ஆத்தா வந்திருக்கிறாள் என்று அர்த்தம், யாரும் வெளியே போக முடியாது. அவன் எதிர்பார்க்காதது, சத்யபிரியா வாசலில் வேப்பிலை கட்டி, அவனைப் பதினோரு நாள் குளிக்க விடாமல், தாளிக்காத சோறு போட்டு வேப்பிலைப் படுக்கையில் படுக்க வைத்ததுதான். பட்டறை பதினோரு நாள் மூடிக் கிடந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பது சும்மாவா?

காவிரியில் தண்ணீர் வராத மூன்று வருடமும், கொரோனாவுக்காக ஆற்றங்கரைக்கே யாரும் வரக்கூடாது என்றிருந்த இரண்டு வருடமும் போட்டி நடக்கவில்லை. அந்த வருடங்களில் மோகன்குமார் விவசாயிகளோடு சேர்ந்து வருத்தப்பட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினான். வீடும் அசையவில்லை. மற்ற வருடங்களிலெல்லாம் ஆடி பத்தொன்பதாம் தேதி பேப்பரின் உள்பக்கத்தில் பாறைத்துறைப் போட்டியின் படம் வரும். ஜெயித்தவன் எப்போதும் செந்தமிழன். அந்தப் பக்கத்தை மட்டும் உருவிப் பட்டறைக்குக் கொண்டுபோய், அதில் கிரீஸ் துடைத்தான்.

இதற்குள் வீடு வெகு தூரம் போயிருந்தது. ஒன்பதாம் தடவை அது சிவக்குமாரின் குச்சிக்கிழங்குக் காட்டைத் தாண்டியது. ஒரு செடி சாயவில்லை, பாத்தியில் மட்டும் ஆற்று மணல் படிந்திருந்தது. அந்த வருடம் கிழங்கு தொடை தடிமனுக்கு வந்தது என்று சிவக்குமார் இன்றும் சொல்வார். பதினோராம் தடவை தார்ரோட்டைக் கடந்தபோது ஈரோடு பஸ் நின்று வழிவிட்டது. நடத்துநர் இறங்கி, “எங்கீங்க, ஆத்துக்கா?” என்று கேட்டார். மின்சார வாரியத்து ஆள் ஒவ்வொரு ஆடிக்கும் மீட்டரைக் கழற்றிப் புதுக் கம்பத்தில் மாட்டுவதைத் தன் வேலை அட்டவணையில் சேர்த்துக்கொண்டார். வீடு மூன்று ஊராட்சிகளைக் கடந்துவிட்டது. ரேஷன் அட்டையில் விலாசம் எழுதும் இடத்தில், இப்போது இருக்கும் இடம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பதினைந்தாம் தடவை ஒன்றரைக் காத தூரத்துக்குக் குறையாது என்று பாவாயி சொன்னது மிகை. இனியா போனில் அளந்து மூன்றே முக்கால் கிலோமீட்டர் என்று சொன்னாள். பாவாயி இப்போதெல்லாம் கறிவேப்பிலைக்கு டவுன் பஸ் பிடித்து வர வேண்டியிருந்தது.

இனியாவுக்குப் பத்தொன்பது வயது, என்ஜினீயரிங் இரண்டாம் வருடம். இந்த ஆடி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பு அவள் அப்பாவை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்த் தென்மேற்கைக் காட்டினாள். தென்னந்தோப்புகளுக்கு அப்பால் ஒரு கோடு மினுங்கியது.

“அப்பா, ஒவ்வொரு தடவையும் முன்னப்போனதுல ரெண்டு மடங்கு போகுதுங்க. இதுவரைக்கும் ஏழரை கிலோமீட்டர் வந்திருக்குது. இந்தத் தடவை ஏழரை போகும். இங்கிருந்து பாறைத்துறை எவ்வளவு தெரியுமுங்களா?”

“எவ்வளவு சாமி?”

“ஏழரை. நீங்க இன்னொருக்கா அந்தச் சொல்லைச் சொன்னீங்கன்னா ஊடு நட்டாத்துல நிக்கும்.”

மோகன்குமார் விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தான். போனால் சத்யபிரியா செந்தமிழனைப் பார்ப்பாள். போகாவிட்டால், அவள் குடியிருக்கிற வீடே செந்தமிழனின் காலடியில் போய் நிற்கும். பதினைந்து தடவை பாடுபட்டு, பெரியப்பாவைக் கொன்று, அம்மை போட்டு, பெண்டாட்டியை அவனிடமிருந்து விலக்கி வைத்ததாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பாதி வழி கொண்டுவந்து விட்டவனே அவன்தான். பொறாமைக்காரன் போட்ட திட்டத்தில் இதைப் போலச் சுத்தமாக நிறைவேறிய திட்டம் வேறு இல்லை. நாலு நாள் யோசித்தான். வீடு போனால் எல்லாமே போச்சு. நேரில் போனால், இரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம். இந்தத் தடவை உண்மையாகவே போவது என்று முடிவு செய்தான்.

ஆகவே இந்த வருடத் திட்டம் மற்ற வருடங்களைவிட மோசமாக இருந்தது. உண்மையான திட்டங்கள் அப்படித்தான் இருக்கும். ஆம்னி வேனுக்கு எண்ணெய் மாற்ற மறந்தான், பாய் எடுக்கவில்லை, புளிச்சோற்றுக்கு உப்புக் குறைந்தது. காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். துடுப்பு எப்படியோ வேனுக்குள் பின்சீட்டில் கிடந்தது, யார் எடுத்து வைத்தது என்று அவன் கேட்கவில்லை. சத்யபிரியா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதில் தலையில் ஒரு முழம் மல்லிகை, மாந்தளிர் நிறப் புடவை. வண்டி சாலைக்கு வந்ததும் காற்றில் முகத்தை நீட்டிக்கொண்டு, “தண்ணி வாசம் வருது பாருங்க” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் பார்த்ததில்லை. இல்லை, ஒரு தடவை பார்த்திருக்கிறான், முழங்கால் தண்ணீரில். எனக்காக ஒருநாளாவது இப்படிச் சிரித்திருப்பாளா என்று நினைத்தான். நினைத்தது வினையாயிற்று. நான்கு கிலோமீட்டர் போனதும் வண்டியில் ஏதோ சத்தம் என்று சொல்லி ஓரமாக நிறுத்தி, அவர்களை இறக்கிவிட்டு, முன்சீட்டைத் தூக்கி, இன்ஜினைப் பற்ற வைக்கும் காயிலுக்குப் போகிற ஒயரைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஊரில் எந்த இன்ஜினையும் ஓட வைக்கிறவன் தன் வண்டியை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. மணி எட்டரை. “இந்த வருசமும் போக முடியாதாட்ட இருக்குது” என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது புரிந்தது.

வேப்பமர நிழலில் நின்றார்கள். ஒரு ஆட்டு மந்தை போனது, ஒரு மினி பஸ் போனது. மோகன்குமார் வண்டிக்குள் தலையை விட்டு ஒன்றுமில்லாததைத் திருகிக்கொண்டிருந்தான். ஒன்பதரை மணி வாக்கில் இனியா, “அம்மா, நம்மூடு வருது” என்றாள். வடகிழக்கே கரும்புக் காட்டுக்கு மேலே முதலில் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, பிறகு மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த போர்வை, பிறகு வீடு. நடந்து வருகிற ஆளின் வேகத்தில், மெதுவாகச் சுற்றிக்கொண்டு, தென்னைகளை ஒதுக்கிக்கொண்டு வந்தது. பூட்டிவிட்டு வந்த கதவு திறந்திருந்தது. அவர்கள் நின்ற இடத்துக்கு வந்ததும் டவுன் பஸ் மாதிரி வேகம் குறைத்தது. இனியா தாவி ஏறினாள். சத்யபிரியா வேனிலிருந்து துடுப்பையும் கட்டுச்சோற்றையும் எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, படியில் கால் வைத்து ஏறித் திரும்பி நின்றாள்.

“ஏனுங்க, பையில இருக்கற ஒயரை அங்கயே வெச்சுட்டு வாரீங்களா, இல்லீங்களா?”

மோகன்குமார் வீட்டோடு சேர்ந்து நடந்தான். “உனக்குத் தெரியுமா?”

“மொத வருசத்துலயிருந்தே தெரியுமுங்க.”

“அப்பறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“ஊடுதான் போயிட்டிருக்குதே, நான் எதுக்கு வாயைக் குடுக்கோணும்னு இருந்தேன். இப்ப ஏறுங்க, வேகம் புடிக்குது.”

அவன் ஓடி ஏறினான். செருப்பில் ஒன்று சாலையிலேயே விழுந்துவிட்டது.

பத்தேகாலுக்கு வீடு பாறைத்துறையில் ஆற்றில் இறங்கியது. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. கரையில் இருந்த கூட்டம் விலகி வழிவிட்டது. வீடு இரண்டு தடவை ஆடி, ஒரு தடவை சுற்றி, கிளம்பத் தயாராக நின்ற ஒன்பது பரிசல்களுக்குப் பக்கத்தில் பத்தாவதாக வரிசையில் நின்றது. விழாக் குழுத் தலைவர் நாச்சிமுத்து விதிகள் எழுதிய தாளை எடுத்துப் படித்துப் பார்த்தார். பரிசலில் பெண்கள் ஏறக் கூடாது என்றிருந்தது. வீட்டில் பெண் இருக்கக் கூடாது என்று அந்தத் தாளிலும் இல்லை, எந்த ஊரிலும் இல்லை. அவர் தாளை மடித்து வைத்துக்கொண்டு பத்தரைக்குக் கொடியை இறக்கினார்.

சத்யபிரியா வாசல்படியில் ஒரு காலை முன்னால் வைத்து நின்று துடுப்பைப் போட்டாள். துடுப்பில் கறுத்திருந்த இரண்டு இடத்திலும் அவள் இரண்டு கையும் அப்படியே போய் உட்கார்ந்ததை மோகன்குமார் பார்த்தான். பரணில் தூக்கிப் போட்ட அத்தனை தடவையும் அந்தக் கறுப்பைப் பார்த்திருக்கிறான். அது யார் கை என்று அளந்து பார்க்கத் தோன்றவில்லை. இனியா மொட்டை மாடியில் நின்று பாறை இருக்கும் இடம் சொன்னாள். பரிசல்கள் நடு ஆற்றுக் கரும்பாறையையும் அதன் கீழே இருந்த சுழியையும் விலக்கிச் சுற்றிப் போயின. மஞ்சள் பரிசல் ஒன்றுதான் சுழியின் விளிம்பை உரசி மேலாகப் போய், சுழி தள்ளிய வேகத்தில் முன்னால் பாய்ந்தது. சத்யபிரியா பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டை அதே வழியில் விட்டாள். வீடு சாய்ந்தது. சமையலறையில் டம்ளர்கள் உருண்டன.

“மாமா!” என்று கத்தினாள்.

மோகன்குமார் மஞ்சள் பரிசலைப் பார்த்தான். செந்தமிழன் திரும்பவில்லை.

“உங்களத்தான் மாமா! பீரோவ மேக்கால தள்ளுங்க! கிரைண்டரையும் தள்ளுங்க! சாயுது பாருங்க!”

அவன் தள்ளினான். கல்யாணச் சீரில் வந்த பீரோவை முதுகு கொடுத்துத் தள்ளினான், கிரைண்டரைக் கட்டிப்பிடித்து இழுத்தான், பிறகு தானே மேற்குச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றான். வீடு நிமிர்ந்தது. மேலே பிடி, சுழியை ஒட்டி விடு, அது தள்ளும், பயப்படாதே என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே துடுப்பைப் போட்டாள். இருபத்தோரு வருடத்துக்கு முன்னால் பம்பைச் சத்தம் விழுங்கியதும் இந்த வார்த்தைகள்தான் என்று அவனுக்குப் புரிய, எதிர்க்கரைக் கொடியைத் தொட்டுத் திரும்பும் வரை ஆயிற்று.

வீடு ஒரு சாணில் தோற்றது. நாச்சிமுத்து தண்ணீரில் இறங்கிக் கையை விரித்து அளந்தார், அவர் கை பெரியது. எட்டுப் பரிசல் பின்னால் வந்துகொண்டிருந்தன. பரிசு ஒரு எவர்சில்வர் அண்டா. செந்தமிழன் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான், வந்தவனுக்கு மோர் கொடுத்தார்கள். தொப்பை வைத்திருந்தான், முன்பக்கம் முடி இல்லை, மூச்சு வாங்கியது. “அந்தச் சுழி வித்தையச் சொல்லிக் குடுத்ததே இவதானுங்க மச்சான். பதினாலு வயசுல வாழத்தாரு ஏத்திட்டு வாரப்பக் கண்டுபுடிச்சா. பொம்பளப்புள்ளைய போட்டிக்கு உடமாட்டேன்னுட்டாங்க. நான் ஓட்டறப்பக் கரையில நின்னு என்னைத் திட்டுவா பாருங்க, அப்பப்பா” என்றான். சத்யபிரியா அவனைப் பார்க்கவில்லை. அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தோரு வருடமும் அவள் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்: தான் கண்டுபிடித்த வழியில் இன்னொருவன் போய், தனக்கு வரவேண்டியதைத் தூக்கிக்கொண்டு வருவதை. அவள் கண்ணில் இருந்தது என்னவென்று மோகன்குமாருக்குச் சட்டென்று தெரிந்தது. அவன் தன் வயிற்றில் வளர்த்ததல்லவா, தெரியாமல் இருக்குமா? செந்தமிழன் போன பிறகு அவள், “ஒரு சாணுங்க மாமா. ஒரே ஒரு சாண்” என்றாள். “கிரைண்டரை முன்னாலயே தள்ளியிருந்தா ஜெயிச்சிருப்போம்” என்றான் அவன், உண்மையான ஆத்திரத்தோடு.

வீடு அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை. கரையோர மருதமரத்தில் ரிக் லாரிக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். மின்சார வாரியத்து ஆள் வந்து மரத்தில் மீட்டர் மாட்டிவிட்டு, இனி வேலை குறைந்தது என்று கட்டுச்சோறு சாப்பிட்டுப் போனார். பாவாயி கறிவேப்பிலை கேட்பதை விட்டுவிட்டாள். மோகன்குமார் தினமும் அந்த வேனிலேயே பட்டறைக்குப் போய் வருகிறான், ஒயரை மறுபடி மாட்டிவிட்டான். திட்டம் எழுதிய நாட்குறிப்பில் இப்போது பீரோவை எங்கே வைப்பது என்று படம் போடுகிறான். சாயங்காலம் வந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் வாசல்படியில் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்து, எதிர்க்கரையில் செந்தமிழன் பரிசலுக்குத் தார் பூசுவதைப் பார்த்துச் சேர்ந்து வயிறெரிகிறார்கள். பால்காரர் பரிசலில் வந்து அரை லிட்டர் ஊற்றிவிட்டுப் போகிறார்.